கறுவா நட்சத்திரமும் ஒரு தனித்தட்டும்

வெளியில 40 டிகிரி. உள்ளே அவன் 150 டிகிரி. (அவன்னா அடுப்பு மக்கா, நீங்களா எதையாவது கற்பனை பண்ணிக்காதீங்க.) டிசம்பர் மாசம், மேற்கு சிட்னி வெயில், ஜன்னலெல்லாம் திறந்து வெச்சும் காத்து வரல. இந்த லட்சணத்துல ஒரு தூத்துக்குடிக்காரன், ஒரு யாழ்ப்பாணத்து அம்மம்மா, ஒன்பது வயசுச் சின்னப்பொண்ணு, ஒரு ஜெர்மன்காரி நாலு பேரும் சேர்ந்து பனிக்காலத்துப் பலகாரம் சுட்டுக்கிட்டு இருந்தோம். ஏன்னு கேக்குறீங்களா? அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

ரொம்ப நாளா இங்க ஒண்ணும் எழுதல. அசைன்மெண்ட், தீசிஸ்னு ஆணி அதிகம். ஆனா இந்த விஷயத்துல எனக்கு ஒரு கருத்து இருக்கு, அதை இறக்கி வைக்கலேன்னா தூக்கம் வராது.

முதல்ல இடம். நான் இருக்கிறது கிரவீன். பழங்குடி மொழியில பூக்கள் இருக்கிற இடம்னு அர்த்தமாம். பக்கத்துல பெண்டில் ஹில், அந்தப் பக்கம் டூங்காபி, கொஞ்சம் தள்ளி வென்ட்வர்த்வில். சாயங்காலம் நடந்து போனா நாலு வீட்டுக்கு ஒரு வீட்டுல தாளிக்கிற வாசனை வரும். மேஸ் ஹில் முருகன் கோயிலுக்கும் ரொம்பத் தூரமில்லை. நான் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா வீட்டுப் பின்னாடி இருக்கிற கிரானி ஃபிளாட்டுல வாடகைக்கு இருக்கேன். பேருக்குத்தான் வாடகை. பாதி நாள் சாப்பாடு அவங்க வீட்டுலதான். அக்கா, அவங்க அம்மா (எல்லாருக்கும் அம்மம்மா, எனக்கும்), அக்காவோட மகள். மகளுக்கு ஒன்பது வயசு. இந்தப் பதிவுல அவ பேரு சின்னவள்.

சின்னவளுக்குப் போன வருஷக் குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலத்துல சீலியாக் நோய்னு தெரிஞ்சது. அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம், 'சாப்பிடாத பிள்ளை', 'சோம்பேறிப் பிள்ளை', 'வளர்த்தி காணாத பிள்ளை'. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துக் கொடுத்தும் ரத்தசோகை போகல. கடைசியில ஒரு டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதினாங்க, அப்புறம் சிறுகுடல்ல இருந்து துளி சதை எடுத்துப் பார்த்தாங்க, முடிவு வந்தது.

தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. கோதுமை, பார்லி, ரை இதுலெல்லாம் குளுட்டன்னு ஒரு புரதம் இருக்கு. பரோட்டா மாவு இழுத்தா ரப்பர் மாதிரி வருதே, அதுக்குக் காரணம் அதுதான். சீலியாக் உள்ளவங்க அதைச் சாப்பிட்டா அவங்க உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சொந்தக் குடலைத் தாக்கும். சத்தை உறிஞ்சுற குடல்முடிகள் தட்டையாகிப் போகும். இது ஒவ்வாமை இல்லை, 'கொஞ்சம் சாப்பிட்டுப் பழகினா சரியாயிடும்' கதையும் இல்லை. மருந்து கிடையாது. ஆயுசு முழுக்க குளுட்டன் இல்லாத சாப்பாடுதான் வைத்தியம். அதுவும் எவ்வளவு இல்லாம? தினம் 50 மில்லிகிராம் மூணு மாசம் போனாலே குடல்ல சேதம் தெரியுதுன்னு 2007-ல வந்த இத்தாலிய ஆய்வு சொல்லுது. 50 மில்லிகிராம்ங்கிறது ரொட்டித் துண்டுல ஓரமா உதிர்ற தூள் அளவு.

இதைக் கண்டுபிடிச்ச கதையும் உருக்கமானது. வில்லெம் டிக்கேன்னு ஒரு டச்சுக் குழந்தை மருத்துவர். 1944-45 குளிர்காலத்துல நெதர்லாந்தே பஞ்சத்துல வாடுது. ரொட்டி கிடையாது. ஊரே மெலிஞ்சு கிடக்கும்போது அவர்கிட்ட இருந்த சீலியாக் குழந்தைங்க மட்டும் தேறிச்சாம். அப்புறம் ரொட்டி திரும்ப வந்ததும் மறுபடி படுத்துடுச்சாம். அவருக்கு அதுக்கு முன்னாடியே கோதுமை மேல சந்தேகம் இருந்தது. 1950-ல அதையே ஆராய்ச்சியா எழுதிக் கொடுத்தார்.

சரி, கதைக்கு வருவோம். நோய் தெரிஞ்ச அந்த வருஷம் பள்ளிக்கூடத்துல வருஷக் கடைசி விருந்து. எல்லாப் பிள்ளைகளுக்கும் நடுவுல ஒரு பெரிய மேசை, கேக்கு, பிஸ்கட், சாக்லேட். சின்னவளுக்கு மட்டும் ஒரு காகிதத் தட்டு, மேல பிளாஸ்டிக் சுத்தி, பேர் எழுதி, ஓரமா. உள்ளே கடையில வாங்கின குளுட்டன் இல்லாத மஃபின் ஒண்ணு. யாரும் கெட்ட எண்ணத்துல செய்யல. உண்மையில ரொம்ப அக்கறையா செஞ்சாங்க. பத்திரமா இருக்கணும்னுதான் பிளாஸ்டிக் சுத்தினது. ஆனா அன்னிக்கு வீட்டுக்கு வந்தவ அந்த மஃபினை முழுசா அப்படியே பையில கொண்டு வந்தா. "பசிக்கேல்லை" அப்படின்னா. அவ்வளவுதான் சொன்னா.

நான் தூத்துக்குடி ஜில்லாக்காரன். தனித்தட்டு, தனி டம்ளர்னா எனக்கு வேற ஞாபகம் வரும். இதுவும் அதுவும் ஒண்ணுன்னு சொல்ல வரல, தயவுசெஞ்சு அப்படிப் படிச்சுட்டுப் பின்னூட்டத்துல கும்மிடாதீங்க. அது அவமானப்படுத்தவே வெச்சது, இது காப்பாத்த வெச்சது. ஆனா ஓரமா ஒத்தையில ஒரு தட்டைப் பார்த்துக்கிட்டு உக்கார்ற ஒன்பது வயசுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியுமா?

பள்ளிக்கூடத்தை விடுங்க. வீட்டுல நடந்தது இன்னும் கஷ்டம். நம்ம ஊர்ல இட்லி, தோசை, சோறுன்னு முக்காவாசி அரிசி. கோதுமையை நிறுத்தச் சொன்னா சப்பாத்தியும் ரவா உப்புமாவும் போகும், யாரும் அழ மாட்டாங்க. (உப்புமா போனதுக்குப் பொங்கல் வைப்பவங்களும் உண்டு :-)) ஆனா யாழ்ப்பாணத்துச் சமையல் அப்படியில்லைங்கிறது எனக்கு இங்க வந்துதான் தெரியும். அங்க கோதுமை மாவை அவிச்சு, அரிச்சு, அதுல புட்டு. அதுல இடியப்பம். முறுக்குக்கும் அவிச்ச மா. காலையில பாண். ராத்திரி ரொட்டி. அம்மம்மாவின் கைப்பழக்கம் மொத்தமும் அந்த மாவுலதான் இருக்கு. மாவு டப்பா மூடியைத் திறக்காம அவங்களுக்கு ஒரு நாள் விடிஞ்சதில்லை.

ஒரு நாள் சின்னவளுக்குன்னு பார்த்துப் பார்த்து அரிசிமாவுல முறுக்கு சுட்டாங்க. ராத்திரி பிள்ளைக்கு வயித்துவலி, வாந்தி. எங்க தப்புன்னு ரெண்டு நாள் தேடினோம். மாவு சரி. எள்ளு சரி. எண்ணெய் புதுசு. கடைசியில நான் கொண்டு வந்து கொடுத்த பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்தா, சேர்மானப் பட்டியல்ல கோதுமை மாவு! கூட்டுப் பெருங்காயம்னா அதுதான் மக்களே. சுத்தப் பிசினை அப்படியே விக்க முடியாதுன்னு மாவு சேர்த்துத்தான் விக்கிறாங்க. சில டப்பாவுல அரிசிமாவு, பலதுல கோதுமை மாவு. பிறந்ததுல இருந்து சாம்பார்ல போடுறோம், ஒரு நாளாவது திருப்பிப் பார்த்தோமா?

தப்பு என் டப்பாவுல. ஆனா பழி அம்மம்மா மேல விழுந்தது. யாரும் சொல்லல, அவங்களே எடுத்துப் போட்டுக்கிட்டாங்க. சின்னவள் அதுக்கப்புறம் அம்மம்மா எது கொடுத்தாலும், "அம்மாட்டக் கேட்டுட்டுச் சாப்பிடுறன்" அப்படின்னு வெச்சுட்டுப் போயிடுவா. பிள்ளை செஞ்சது சரி. அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கு. ஒரு நாள் அம்மம்மா கொல்லைப்பக்கம் துணி காயப்போட்டுக்கிட்டே என்கிட்ட கேட்டாங்க: "தம்பி, நான் என்ர பேத்திக்கு நஞ்சே குடுப்பன்?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியல. கிளிப்பை எடுத்துக் கொடுத்துட்டு நின்னேன்.

இப்போ ஜெர்மன்காரி வர்றா. என் கூடப் படிக்கிறா, ஊர் நூரம்பெர்க் பக்கம். போன நவம்பர்ல ஒரு நாள் நான் வீரமா ஒரு வேலை செஞ்சேன். கடையில குளுட்டன் இல்லாத மாவுன்னு ஒரு பை வாங்கினேன். அரிசி, மரவள்ளி, சோள மாவுச்சத்து, அதை ஒட்டவைக்க ஒரு பிசின்னு எல்லாம் கலந்தது. சாதாரண மாவு விலையில பல மடங்கு. அதை வெச்சு அவ சொன்ன பிறைநிலா பிஸ்கட், அதாங்க வனிலெகிப்ஃபர்ல், பண்ணிப் பார்த்தேன். வெளியில வந்தது பிஸ்கட் இல்லை, கடற்கரை மணல். கையில எடுத்தா உதிருது, வாயில வெச்சா மேலண்ணத்துல ஒட்டுது. சின்னவள் ஒரு கடி கடிச்சுட்டு மரியாதையா, "நல்லா இருக்கு அண்ணா" அப்படின்னா. அந்த மரியாதைதான் என்னை நொந்து நூடுல்ஸ் ஆக்கிடுச்சு. (நூடுல்ஸும் கோதுமை. அவ்வ்வ்வ்.)

ஜெர்மன்காரி பார்த்துட்டுச் சிரிச்சா. மாவு போட்ட பலகாரத்துல மாவைப் பிடுங்கிட்டு அதே மாதிரி வரணும்னு ஏன் மல்லுக்கட்டுற, எங்க பாட்டி காலத்துல இருந்தே மாவே இல்லாத பலகாரம் பாதி இருக்கேன்னு சொன்னா.

என் கருத்துன்னு சொன்னேனே, அது இங்கதான் பிறந்தது. குளுட்டன் இல்லாத சமையல்னா கோதுமைக்குப் போலி தேடுறதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கோம். போலி ரொட்டி, போலி கேக்கு, போலி பாஸ்தா. போலி எப்பவும் 'பரவால்ல, கிட்டத்தட்ட'ங்கிற அளவுலதான் நிக்கும். அதைச் சாப்பிடுறவங்களுக்கு ஒவ்வொரு கடியிலும் 'உனக்கு அசல் கிடையாது'ன்னு ஞாபகப்படுத்தும். அதைவிட, பிறப்பிலேயே கோதுமை இல்லாத அசல் ஒண்ணைச் செஞ்சு எல்லாரும் சாப்பிட்டா என்ன?

ஜெர்மனியில கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரமும் வீட்டுக்கு வீடு சின்னச் சின்ன பிஸ்கட் சுடுவாங்களாம். நம்ம தீபாவளிக்கு முன்னாடி முறுக்கு அதிரசம் சுடுற மாதிரி, டின் டின்னா அடுக்கி, பக்கத்து வீட்டுக்கும் கொடுத்து. அதுல மாவு வேண்டாத மூணு:

ஒண்ணு, ட்சிம்ட்ஷ்டெர்ன. (ஒரு தடவை சொல்லிப் பாருங்க, நாக்கு சுளுக்கினா நான் பொறுப்பில்லை.) பட்டை நட்சத்திரம்னு அர்த்தம். பாதாம் தூள், முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, பட்டை. அவ்வளவுதான்.

ரெண்டு, தேங்காய் மக்ரோன். தேங்காய்ப்பூ, வெள்ளைக்கரு, சர்க்கரை.

மூணு, அவங்க ஊர்ப் பெருமை எலிசன் லெப்கூகன். தேன், மசாலா, பருப்பு போட்ட கேக்கு மாதிரி. எலிசன்னு பேர் போடணும்னா குறைஞ்சது 25 சதவீதம் பாதாம், ஹேசல்நட், வால்நட் இருக்கணும், மாவு 10 சதவீதத்துக்கு மேல கூடாதுன்னு அங்க விதியே இருக்கு. பல வீட்டுல மாவே போடாமத்தான் செய்வாங்க. ஆனா கவனம்: 10 சதவீதம் வரை போடலாம்ங்கிறதால கடையில வாங்கினா பட்டியலைப் படிக்கணும். இன்னொரு வில்லன் வேற இருக்கு. லெப்கூகனையும் மக்ரோனையும் ஒப்லாட்டன்னு மெல்லிசா ஒரு வெள்ளை வட்டத்தகடு மேல வெச்சுத்தான் சுடுவாங்க. கோயில்ல நற்கருணைக்குக் கொடுக்கிற அப்பத்துக்கு அண்ணன் தம்பி அது. வழக்கமா அது கோதுமை! அவங்க ஊர் பெருங்காயம்னு வெச்சுக்குங்களேன். உருளைக்கிழங்கு மாவுச்சத்துல செஞ்சதும் கிடைக்குது, இல்லேன்னா தகடே இல்லாம பேக்கிங் தாளில் வெச்சுச் சுட்டாப் போச்சு.

இவ தேங்காய் மக்ரோன்னு சொன்னதும் எனக்குள்ள கொசுவர்த்தி சுத்த ஆரம்பிச்சுடுச்சு. அட, இது எங்க ஊர் மக்ரூன்! முந்திரித் தூள், வெள்ளைக்கரு, சர்க்கரை. நல்லா நுரைக்க அடிச்சு, காகிதக் கூம்புல ஊத்திச் சின்னச் சின்னக் கோபுரமா பிழிஞ்சு, குறைஞ்ச சூட்டுல மணிக்கணக்கா உலர விடுறது. தூத்துக்குடியில இருந்து யார் வெளியூர் கிளம்பினாலும் கையில ஒரு மக்ரூன் டப்பா இருக்கும். கடலோரக் காத்துல நமுத்துப் போகும்னு இறுக்கி மூடி, டேப் ஒட்டி. அதுல ஒரு துளி கோதுமை கிடையாதுன்னு இருபத்தஞ்சு வயசு வரைக்கும் நான் யோசிச்சதே இல்லை. முந்திரியை நம்ம பக்கம் கொண்டு வந்ததே போர்ச்சுக்கீசியர். அங்க பாதாம், இங்க முந்திரி. கைவேலை ஒண்ணுதான்.

இன்னொரு சின்ன சந்தோஷம். தரங்கம்பாடிக்கு 1706-ல வந்து, தமிழ் கத்துக்கிட்டு, புதிய ஏற்பாட்டைத் தமிழ்ல அச்சடிச்ச சீகன்பால்கு பிறந்த ஊர் புல்ஸ்னிட்ஸ். அந்தப் புல்ஸ்னிட்ஸ் எதுக்குப் பேர் போனதுன்னா, மிளகுக் கேக்கு! 1558-ல இருந்தே அங்க சுடுறாங்களாம். பட்டை, கிராம்பு, ஏலக்காய்னு நம்ம பக்கத்து வாசனையெல்லாம் மணக்கிற ஊர்ல பிறந்தவர்தான் கப்பலேறி நம்மூருக்கு வந்திருக்கார். (அந்தக் கேக்குல கோதுமை உண்டு, சின்னவளுக்கு ஆகாது. சும்மா தகவலுக்குச் சொன்னேன்.)

பட்டைன்னதும் ஞாபகம் வருது. நான் பட்டை பட்டைன்னு சொல்ல, அம்மம்மாவுக்கு முதல்ல புரியல. மோந்து பார்த்துட்டு, "உது கறுவாவெல்லோ!" அப்படின்னாங்க. அப்புறம் என் டப்பாவைத் தள்ளி வெச்சுட்டு அவங்க அலமாரியில இருந்து இலங்கைக் கறுவாவை எடுத்தாங்க. சுருட்டு மாதிரி மெல்லிசா அடுக்கடுக்கா இருக்கும், கையாலேயே நொறுக்கலாம். என்னுடையது தடிச்ச மரப்பட்டை, காசியா வகை. அம்மம்மா ருசிக்காகச் சொன்னாங்க. ஆனா ஜெர்மன்காரி இதுல அம்மம்மா பக்கம் சேர்ந்துட்டா. காசியாவுல கூமரின்னு ஒண்ணு இருக்கு, அளவு மீறினா கல்லீரலுக்கு ஆகாது. 2006-ல ஜெர்மன் அரசு நிறுவனமே கிறிஸ்துமஸ் பட்டை நட்சத்திரத்தைக் குழந்தைங்க அளவில்லாம சாப்பிட வேண்டாம்னு எச்சரிச்சது. அப்புறம் 2008-ல ஐரோப்பிய ஒன்றியம் பண்டிகைக் காலப் பட்டைப் பலகாரங்களுக்குக் கிலோவுக்கு 50 மில்லிகிராம் கூமரின்னு வரம்பே வெச்சுது. இலங்கைக் கறுவாவுல கூமரின் ரொம்ப ரொம்பக் குறைவு. இதைச் சொன்னதும் அம்மம்மா முகத்தைப் பார்க்கணுமே! "பார்த்தீரே தம்பி, எங்கட கறுவா!" பல மாசத்துக்கு அப்புறம் அந்தச் சமையலறையில அவங்க பக்கம் ஒரு நியாயம் நின்னுச்சு.

முதல் ஈடு குப்பைக்குப் போச்சு. இதை மறைக்காம சொல்லணும். மாவு பிசைஞ்சு, சப்பாத்திக் கட்டையால உருட்டி, நட்சத்திரமா வெட்டி, அடுப்புல வெச்சு, வாசனை வர்ற நேரத்துல அக்கா வேலைக்குப் போயிட்டு வந்தாங்க. கட்டையைப் பார்த்தாங்க. "தம்பி, உதாலயோ உருட்டினது?" மரக்கட்டை. பத்து வருஷக் கோதுமை அதோட கீறல்ல இருக்கும். ஐசிங் சர்க்கரையை அரிச்ச சல்லடையும் பழைய மாவுச் சல்லடைதான். கழுவினா போகாதான்னு வாதாடினேன். அக்கா ஒண்ணும் பேசல, தட்டை எடுத்து எனக்கும் ஜெர்மன்காரிக்கும் நீட்டிட்டு, சின்னவளுக்குக் கொடுக்கல. அம்பது நட்சத்திரம், ரெண்டு மணி நேர வேலை. என்னால ஒண்ணைத் தின்ன முடிஞ்சுது. ரெண்டாவது இறங்கல.

இப்போ என் கருத்துல ஒரு ஓட்டை இருக்கிறது உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். தனித்தட்டு வேண்டாம்னு சொல்றவன், தனிச் சல்லடை வேணும்னு சொல்லணுமே? ஆமா, வேணும். தனிக் கட்டை, தனிச் சல்லடை, ரொட்டி சுடத் தனி டோஸ்டர் எல்லாமே வேணும். பிரிக்க வேண்டியது அடுப்படியில. சாப்பிடுற மேசையில இல்லை. சாமான்களைப் பிரிச்சு வெச்சாத்தான் பிள்ளையைப் பிரிக்காம உக்கார வைக்க முடியும். ஒரு ஈடு முழுக்கக் குளுட்டன் இல்லாம செஞ்சுட்டா, அப்புறம் ஒரே தட்டு, எல்லாக் கையும் அதுல. இவ்வளவுதான் நான் சொல்ல வர்றது.

அடுத்த நாள் புதுச் சல்லடை வாங்கினோம். கட்டைக்குப் பதிலா ரெண்டு பேக்கிங் தாளுக்கு நடுவுல வெச்சு, கழுவின கண்ணாடி பாட்டிலால உருட்டினோம். செய்யணும்னு நினைக்கிறவங்களுக்காக அளவு:

முட்டை வெள்ளைக்கரு 3. சலிச்ச ஐசிங் சர்க்கரை 250 கிராம். பாதாம் தூள் 350 கிராம், மேல தூவக் கொஞ்சம். பொடிச்ச கறுவா 3 தேக்கரண்டி. எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி. வெள்ளைக்கருவைக் கெட்டி நுரையா அடிச்சு, சர்க்கரையைக் கொஞ்சங்கொஞ்சமா சேர்த்து, எலுமிச்சையும் விட்டு அடிக்கணும். அதுல நாலஞ்சு மேசைக்கரண்டி தனியா எடுத்து வெச்சுடுங்க, மேல பூசுறதுக்கு. மீதியில பாதாமும் கறுவாவும் போட்டுப் பிசைஞ்சு, ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜுல. அப்புறம் ஒரு சென்டிமீட்டர் தடிமனா உருட்டி, அச்சை ஒவ்வொரு தடவையும் தண்ணியில தொட்டு வெட்டி, மேல வெள்ளைப் பூச்சைத் தடவி, 150 டிகிரியில, கீழ்த்தட்டுல, 12 முதல் 15 நிமிஷம். மேல்பூச்சு வெள்ளையாவே இருக்கணும், செவக்கக் கூடாது. ஆறினதும் டின்ல மூடி வெச்சா ரெண்டு நாள்ல மிருதுவாயிடும். சிட்னி வெயில்ல மாவு சீக்கிரம் இளகும், அதனால பாதிப் பாதியா ஃபிரிட்ஜுல இருந்து எடுங்க.

ஆஸ்திரேலியாவுல இருக்கிறவங்களுக்கு ஒரு கண்ணிவெடி எச்சரிக்கை. ஐசிங் மிக்ஸ்னு விக்கிறதுல மாவுச்சத்து சேர்த்திருப்பாங்க, சுத்த ஐசிங் சர்க்கரையைத் தேடி வாங்குங்க. அதைவிட மோசம், இங்க கார்ன்ஃபிளவர்ங்கிற பேர்ல கோதுமையில செஞ்ச மாவுச்சத்தும் விக்கிறாங்க! பேர்ல சோளம், உள்ளே கோதுமை. நல்ல வேளையா இந்த நாட்டுல விதி கடுமை. குளுட்டன் இல்லைன்னு போடணும்னா பரிசோதனையில கண்டுபிடிக்கவே முடியாத அளவா இருக்கணும், ஓட்ஸும் சேர்க்கக் கூடாது. பல நாடுகள்ல கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை விடுவாங்க. இங்க கோதுமை இருந்தா அட்டையில தடித்த எழுத்துல தெரியும். திருப்பிப் பார்க்கிற பழக்கம்தான் நமக்கு வேணும்.

சரி, பள்ளிக்கூட விருந்து? நட்சத்திரத்தை அள்ளிக்கிட்டுப் போலாம்னு நான் தயார். அக்கா டீச்சர்கிட்ட கேட்டாங்க. பதில்: பருப்பு வகை வேண்டாம், வகுப்புல ஒரு பையனுக்குக் கடும் ஒவ்வாமை.

அப்போதான் எனக்கு ஒண்ணு உறைச்சது. நம்ம பிள்ளைக்கு ஒரே தட்டு வேணும்னு குதிக்கிறேன், என் தட்டு இன்னொரு பிள்ளையைத் தூக்கி வெளிய போடுது. எல்லாருக்கும் பொதுவான அமுதம்னு ஒண்ணு கிடையாது போல. கேட்டுட்டுச் செய்யணும். நாம நல்லது செய்றோம்ங்கிற மிதப்புல அந்தக் கேள்வியைத்தான் முதல்ல விட்டுடுறோம். போன வருஷம் மஃபின் வாங்கினவங்களும் கேட்கல, நானும் கேட்கல.

அதனால பள்ளிக்கூடத்துக்குத் தேங்காய் மக்ரோன். முட்டை யாருக்காவது ஆகாதான்னும் கேட்டாச்சு, பிரச்சனை இல்லை. தேங்காய்ன்னா அம்மம்மா ராஜ்ஜியம். "பக்கெற்றுத் தேங்காய்ப்பூவோ? சீ!" அப்படின்னு துருவலைக் கையில எடுத்தவங்களை நிறுத்த முடியல. ஈரம் போக மெல்லிசா வறுத்து, வெள்ளைக்கருவுல கலந்து, தகடு இல்லாம தாள் மேல உருட்டி வெச்சாங்க. சின்னவள் பக்கத்துல நின்னு ஒவ்வொரு சாமானையும் திருப்பித் திருப்பிப் படிச்சுச் சொன்னா, அம்மம்மா ஒவ்வொண்ணையும் அவகிட்ட காட்டிட்டுத்தான் போட்டாங்க. தேங்காய், முட்டை, சீனி, எலுமிச்சை. "மா இல்லாமல் என்னண்டு பிஸ்கற் வரும்" அப்படின்னு முதல் நாள் கேட்டவங்க, அடுப்புக் கண்ணாடி வழியா எட்டிப் பார்த்துக்கிட்டே நின்னாங்க.

வெளிய எடுத்ததும் சின்னவள் ஊதி ஊதி ஒண்ணைத் தின்னா. அம்மாகிட்ட கேட்கல.

ரெண்டு ஆட்சேபணைக்குப் பதில் சொல்லிட்டு முடிச்சுக்கிறேன்.

'இதெல்லாம் வெள்ளைக்காரன் வியாதி, ஃபேஷன்'ங்கிறவங்களுக்கு: ஆஸ்திரேலியாவுல சுமார் 70 பேர்ல ஒருத்தருக்கு சீலியாக்னு சொல்றாங்க, அதுல பெரும்பாலானவங்களுக்கு இருக்கிறதே தெரியாது. இந்தியாவுல 2016-ல வந்த பெரிய ஆய்வுல வடக்குல நூத்துல ஒருத்தருக்கு இருக்கு, தெற்குல ஆயிரத்துல ஒருத்தருக்குத்தான். ஆனா மரபணு ரெண்டு பக்கமும் ஏறத்தாழ ஒண்ணுதான். வித்தியாசம், நாம கோதுமை குறைவா சாப்பிட்டதுல. இப்போ ராத்திரி சப்பாத்தி, தெருவுக்குத் தெரு பரோட்டா, புலம்பெயர்ந்தா காலையில ரொட்டி. யோசிச்சுக்குங்க. வீட்டுல யாருக்காவது தீராத ரத்தசோகை, வளர்த்தி இல்லை, வயித்துப் பிரச்சனைன்னா டாக்டர்கிட்ட இதையும் கேளுங்க. பரிசோதனைக்கு முன்னாடி நீங்களா கோதுமையை நிறுத்திடாதீங்க, முடிவு தப்பா வரும்.

'முருகன் கோயிலுக்குப் போற வீட்டுல எதுக்குக் கிறிஸ்துமஸ் பலகாரம்'ங்கிறவங்களுக்கு: தூத்துக்குடியில டிசம்பர்ல எங்க வீட்டுக்கு வராத கேக்கு இல்லை, தீபாவளிக்கு எங்க வீட்டுல இருந்து போகாத அதிரசம் இல்லை. அவ்வளவுதான் பதில். தைப்பொங்கலுக்கு ஜெர்மன்காரியைக் கூப்பிட்டிருக்கோம். அம்மம்மா ஒடியல் மாவுல கூழ் காய்ச்சுறதா வாக்குக் கொடுத்திருக்காங்க. பனங்கிழங்கு மாவு, துளி கோதுமை கிடையாது. நாம தேடாம விட்டதெல்லாம் நம்ம அலமாரியிலேயே இருந்திருக்கு.

விருந்து முடிஞ்சு சின்னவள் வெறும் டப்பாவோட வந்தா. டப்பா மூடியில அவளே பென்சிலால எழுதி ஒட்டின சேர்மானப் பட்டியல், நாலே வரி. இந்தத் தடவை அந்த டப்பா பெரிய மேசை நடுவுல இருந்ததாம். பருப்பு ஆகாத அந்தப் பையன் மூணு எடுத்தானாம். அவனும் வழக்கமா ஓரத்துத் தட்டுக்காரன்தானாம்.

பின்குறிப்பு: கோதுமை இல்லாத, பருப்பும் இல்லாத, முட்டையும் இல்லாத பண்டிகைப் பலகாரம் உங்க வீட்டுல என்ன இருக்குன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே. அடுத்த வருஷம் வகுப்புல யார் புதுசா வருவாங்களோ தெரியாது. அப்படியே எழுந்து போய் உங்க பெருங்காய டப்பாவையும் ஒரு தடவை திருப்பிப் பார்த்துட்டு வந்துடுங்க.